வசனத்தைச் சொல்லிப் படத்தைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை நடத்துவது எப்படி?

வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் இலங்கை மலையகத்தில், ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தில் மாலை ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். காற்றுக்கு ஒரு மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் அந்த விளக்கும் இரவு முழுவதும் வராது. அப்படியொரு போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் மாலையில், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், ஏழெட்டுப் பேர் முடங்கிக் கிடந்தபோதுதான் இந்த விளையாட்டை நான் முதன்முதலாக நடத்தினேன். நடத்தி, இரண்டே கேள்வியில் கெடுத்தும் விட்டேன். முதல் கேள்வியாக, "நான் ஒரு தடவ சொன்னா..." என்று தொடங்கினேன். மீதிச் சொற்கள் வாயை விட்டு வருவதற்குள் ஆறு வயதுப் பையன் உட்பட எல்லோரும் 'பாட்ஷா' என்று கத்திவிட்டார்கள். அந்த ரோசத்தில் இரண்டாவது கேள்வியாக, "அம்மா, நான் வந்துட்டேன்" என்றேன். ஆளுக்கு ஒன்றிரண்டு படம் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தால் அத்தனை பேர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் வீட்டு வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிடாத கதாநாயகன் தமிழில் யார்? மூன்றாவது கேள்வியைக் கேட்க எவரும் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் கேரம் பலகையை விரித்துவிட்டார்கள்.

அந்த இரண்டு பிழைகளுக்கும் நடுவில்தான் இந்த விளையாட்டு இருக்கிறது. கேட்டவுடன் விடை வந்துவிட்டால் அது விளையாட்டு அல்ல. எவ்வளவு நேரம் யோசித்தாலும் வராது என்றால் அதுவும் விளையாட்டு அல்ல. விடையைச் சொன்னதும், "அட, இது எனக்குத் தெரியுமே!" என்று எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். கேட்கிறவருடைய கெட்டித்தனம் முழுவதும் அந்த ஓர் 'அட'வை வரவழைப்பதில்தான் இருக்கிறது.

யார் யாரைச் சேர்ப்பது

ஆறு பேருக்குக் குறைந்தால் சூடு பிடிக்காது. பன்னிரண்டு பேரைத் தாண்டினால் சத்தம் மட்டுமே மிஞ்சும். இரண்டு அணிகள் போதும். ஆனால் அணி பிரிக்கும்போது இளையவர்கள் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம் என்று ஒருபோதும் பிரிக்கக் கூடாது. எங்கள் தோட்டங்களில் அறுபதைக் கடந்தவர்களில் பலர் படங்களைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதே அதிகம். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சடங்கு வீட்டுக்கும் கட்டுகிற ஒலிபெருக்கியில், பாட்டுகள் முடிந்ததும் கதை வசன இசைத்தட்டு சுழலும். பிற்காலத்தில் அதுவே ஒலிநாடாவாக வந்தது. ஒரு மலையில் கட்டிய குழாயிலிருந்து அடுத்த மலைக்குக் கேட்கும் அந்தக் குரலோடு கொழுந்து பறித்தவர்களுக்கு, 1959ஆம் ஆண்டின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசனம் மூச்சு விடும் இடம் உட்பட மனப்பாடமாக இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டு மாமா அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததே தொலைக்காட்சி வந்த பிறகுதான், ஆனால் "நாற்று நட்டாயா" என்று நாம் எடுத்துக் கொடுத்தால் போதும், அதைத் தொடர்ந்து முடித்துவிட்டு, தன் பங்குக்கு "கொழுந்து பறித்தாயா? கூடை சுமந்தாயா?" என்றும் சேர்த்துவிடுவார்.

இன்றைய பிள்ளைகளின் நிலைமை இதற்கு நேர் எதிரானது. அவர்கள் வசனத்தை மீம் படமாகக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். முகபாவம் தெரியும், எந்தப் படம் என்பது பல வேளைகளில் தெரியாது. காது தெரிந்தவரையும் கண் தெரிந்தவரையும் ஒரே அணியில் அமர்த்தினால், பெரியவர் வசனத்தின் மறுபாதியைச் சொல்வார், பிள்ளை அந்தக் காட்சியில் யார் என்ன சட்டை போட்டிருந்தார் என்று சொல்லும், இரண்டையும் சேர்த்து நடுவயதுக்காரர் ஒருவர் படத்தின் பெயரைப் பிடித்துவிடுவார். இப்படி மூன்று பேர் கூடி ஒரு விடையைக் கட்டுவதைப் பார்ப்பதுதான் இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது.

வசனத்தைத் தேர்ந்தெடுத்தல்

புகழ்பெற்ற வசனத்தைக் கேட்காதீர்கள். அதற்கு அடுத்த வீட்டு வசனத்தைக் கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 'நாயகன்' படத்தில் பேரன் தாத்தாவைப் பார்த்து, நல்லவரா கெட்டவரா என்று கேட்கும் கேள்வியை அறியாதவர் இல்லை. அதைக் கேட்டால் அரை நொடியில் விடை வந்துவிடும். ஆனால் அதற்குத் தாத்தா சொல்லும் "தெரியலையேப்பா" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் சொல்லிவிட்டு, "இது எந்தக் கேள்விக்கான பதில்?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் முழுவதும் ஒரு கணம் மௌனமாகிவிடும். விடை அவர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதை எப்போதும் கேள்வியிலிருந்து தொடங்கியே நினைவில் வைத்திருக்கிறார்கள். பதிலிலிருந்து பின்னோக்கி நடக்க மனம் கொஞ்சம் தடுமாறும். அந்தத் தடுமாற்றந்தான் நமக்கு வேண்டியது.

இதே உத்தியை 1965ஆம் ஆண்டின் 'திருவிளையாடல்' படத்துக்கும் பயன்படுத்தலாம். தருமி கேட்கும் கேள்விகளை விட்டுவிட்டு, "வறுமையும் புலமையும்" என்ற பதிலை மட்டும் கொடுங்கள். பெரியவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள் என்றால், படத்தின் பெயருக்குப் பதிலாக வேறொன்றைக் கேளுங்கள்: அந்தக் காட்சியில் கேள்வி கேட்பவர் தருமியா, சிவனா? புலவர் வேடத்தில் வந்த இறைவன்தானே பரீட்சை வைத்திருப்பார் என்று நினைத்துப் பாதிப் பேர் தவறாகச் சொல்வார்கள். கேட்பவர் தருமியாக வரும் நாகேஷ். பதில் சொல்பவர் சிவாஜி கணேசன்.

ஒரு வசனம் தேறுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அந்த வசனத்தை மனத்தால் தூக்கி வேறு ஐந்து படங்களில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் உறுத்தாமல் உட்கார்ந்துகொண்டால் அது கேள்விக்கு உதவாது. என் "அம்மா, நான் வந்துட்டேன்" தோற்றது இந்த இடத்தில்தான். நல்ல வசனத்தில் கதையின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்: ஒரு தொழில், ஓர் உறவுமுறை, ஒரு பொருள், ஓர் ஊர்ப் பேச்சு, இவற்றில் ஏதாவது ஒன்று. அதே வேளை பாத்திரத்தின் பெயர் வசனத்துக்குள் இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். சப்பாணி, மயில், பரட்டை என்ற மூன்று பெயர்களில் எதைச் சொன்னாலும் 1977ஆம் ஆண்டின் '16 வயதினிலே' தானாக வந்து நின்றுவிடும்.

சொல்லுக்குச் சொல் சரியாக இருக்க வேண்டுமா என்பது அடிக்கடி எழும் சண்டை. கேட்கிறவர் சரியாகச் சொல்ல வேண்டும். கண்டுபிடிக்கிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1989ஆம் ஆண்டின் 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியைப் பத்துப் பேரிடம் சொல்லச் சொன்னால் பத்து விதமாகச் சொல்வார்கள். நினைவில் உருண்டு உருண்டு வசனங்கள் கூழாங்கல்லைப் போல வழவழப்பாகிவிடுகின்றன. ஆகவே கேள்வியாக வைக்கப்போகும் வசனத்தை முதல் நாளே படத்தில் ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தவறான வசனத்தைச் சொல்லிவிட்டு, "எனக்கு இப்படித்தான் ஞாபகம்" என்று சாதிக்கிறவரை அந்தச் சுற்றிலிருந்து இறக்கிவிடுவது எங்கள் வழக்கம்.

இன்னொரு சிக்கல், ஒரு படத்தின் வசனத்தை அடுத்தடுத்த படங்களின் நகைச்சுவை நடிகர்கள் கேலியாக எடுத்துப் பேசியிருப்பது. இளையவர்கள் கேலியைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள். அவர்கள் சொல்லும் படத்திலும் அந்த வசனம் உண்மையிலேயே இருக்கும். மூலப் படத்துக்கு முழுப் புள்ளியும், கேலி செய்த படத்துக்கு அரைப் புள்ளியும் கொடுத்துச் சமாதானம் செய்யலாம். நகைச்சுவை வசனங்களில் பாதி ஒருவருடைய நிறத்தையோ உடம்பையோ சாதியையோ இழுத்துப் பேசுபவை என்பதால், கூடியிருப்பவர்களின் முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறப்பது நல்லது.

எந்தக் குரலில் சொல்வது

இதைப் பலர் கவனிப்பதில்லை, ஆனால் கேள்வியின் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் இதைவிட எளிய கருவி கிடையாது. நடிகரின் குரலில், அவருடைய ஏற்ற இறக்கத்தோடு வசனத்தைச் சொன்னால் யார் நடித்தார் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு மிஞ்சுவது அவருடைய நூறு படங்களில் எது என்பது மட்டுமே. அதே வசனத்தை வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல, ஒரே தட்டையான குரலில், ஒவ்வொரு சொல்லையும் முழுதாக உச்சரித்துச் சொல்லிப் பாருங்கள். ஆக்ரோஷமான சவால் ஒன்று வானிலை அறிக்கையைப் போல ஒலிக்கும். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் பிடிபடாது.

எங்கள் கூட்டத்தில் மூன்று சுற்று வைப்போம். முதல் முறை செய்திக் குரல், இரண்டாம் முறை சாதாரணமாகப் பேசும் குரல், மூன்றாம் முறைதான் நடிப்பு. ஆசிரியையாக இருக்கும் என் அக்கா செய்திக் குரலில் காதல் வசனம் சொல்வதைக் கேட்பதற்கென்றே பக்கத்துக் காம்பராவிலிருந்து (லயத்து வீட்டிலிருந்து) ஆட்கள் வருவார்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது மட்டும் இந்த உத்தி எடுபடாது, அப்போது எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டும்; வசனத்தைத் துண்டுத் தாளில் எழுதிச் சுற்றி அனுப்பிவிடலாம்.

குறிப்புகளை அடுக்குதல்

வசனத்தால் மட்டும் விடை வராதபோது குறிப்புக் கொடுக்க வேண்டும். குறிப்புகளின் வரிசை அகலத்திலிருந்து ஒடுக்கத்துக்கு வர வேண்டும்; முதல் குறிப்பிலேயே இயக்குநரின் பெயரைச் சொல்லிவிடுகிறவர்கள் பிறகு கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். ஓர் உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

விடை 'முள்ளும் மலரும்' என்று வைத்துக்கொள்வோம். முதல் குறிப்பு: இது அண்ணன் தங்கை கதை. இதற்குப் பதிலாக ஐம்பது படங்கள் வரும், வரட்டும். இரண்டாவது: அண்ணன் மலையில் வேலை செய்கிறான், ஆனால் மலையில் நடந்து ஏறுவதில்லை. இந்த இடத்தில் எங்கள் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், ஏனென்றால் கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் தொங்கவிட்டு ஆலைக்கு இறக்கிய காலத்தை அவர்கள் அறிவார்கள். படத்தில் காளி, மின் நிலையத்துக்கு மலைமேல் ஆட்களை ஏற்றி இறக்கும் விஞ்ச் வண்டியை இயக்குபவன். மூன்றாவது: இதன் ஒளிப்பதிவாளர் நம் நாட்டவர், மட்டக்களப்பில் பிறந்தவர். பாலு மகேந்திரா என்று எவராவது சொன்னதும் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். நான்காவது: உமாசந்திரனின் நாவல் ஒன்றைத் தழுவி எடுக்கப்பட்ட இந்தப் படம்தான் இதன் இயக்குநருக்கு முதல் படம். ஐந்தாவதாக, வேறு வழியே இல்லையென்றால் மட்டும், ரஜினிகாந்த் என்று சொல்லலாம். அந்தப் பெயரை முதல் குறிப்பாக வைத்திருந்தால் மற்ற நான்கும் வீணாகியிருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

ஆண்டைக் குறிப்பாகக் கொடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1978 என்று சொன்னால் இளையவர்களுக்கு ஒன்றும் தோன்றாது, பெரியவர்களுக்கும் அவ்வளவாகத் தோன்றாது. நாம் ஆண்டுகளை எண்களாக அல்ல, சம்பவங்களாகவே ஞாபகம் வைத்திருக்கிறோம். மட்டக்களப்பில் சூறாவளி அடித்த வருடம் என்றால் 1978 தானாக வரும். பாணுக்கு (ரொட்டிக்கு) வரிசையில் நின்ற காலம் முடிந்து ஆட்சி மாறிய வருடம் என்றால் 1977, '16 வயதினிலே' வந்த ஆண்டு. இந்தியாவோடு ஒப்பந்தம் கைச்சாத்தான வருடம் என்றால் 1987, அதாவது 'நாயகன்'. நாம் உலகக் கிண்ணத்தை வென்றதற்கு முந்திய வருடம் என்றால் 1995, 'பாட்ஷா' வெளியான ஆண்டு. இப்படிச் சொல்லும்போது கிரிக்கெட் தவிர வேறெதையும் அறியாத தம்பிமாருக்கும் விளையாட்டில் ஒரு பிடி கிடைக்கும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, இந்தியப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போன பிறகு, தமிழ்நாட்டில் ஓடி முடிந்த படம் ஒன்று நம் தியேட்டருக்கு வரச் சில வேளை ஆண்டுகள் ஆனதுண்டு. "அந்தப் படம் வந்தபோது எனக்குக் கல்யாணமாகிவிட்டது" என்று ஒரு பெரியம்மா சொல்வதும், படம் அதற்கு மூன்று வருடத்துக்கு முந்தியது என்று நாம் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். தமிழ்நாட்டில் முதலில் வெளியான ஆண்டுதான் கணக்கு என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

குறிப்புகளில் நம் மண்ணின் வாசனை இருந்தால் விளையாட்டுக்குத் தனிச் சுவை வரும். எம்.ஜி.ஆர். நடித்த படம் என்பதற்குப் பதிலாக, கண்டி மாவட்டத்தில் பிறந்த ஒருவர் நடித்த படம் என்று சொல்லலாம். சிவாஜி கணேசன் படங்களில் 1978ஆம் ஆண்டின் 'பைலட் பிரேம்நாத்' விடையாக இருந்தால், சிங்கள நடிகை மாலினி பொன்சேகா என்ற பெயரைக் கடைசிவரை பொத்திவைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர் இந்த நாட்டில் யாருக்கும் எட்டாத பெயர் அல்ல. நம் நாட்டுத் தமிழ்ப் படங்களுக்கென்று ஒரு தனிச் சுற்றும் வைக்கலாம். 1963இன் 'தோட்டக்காரி', 1975இல் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' போன்றவற்றை வசனத்தால் கண்டுபிடிக்க இன்று ஆள் கிடைப்பது கடினம். அவற்றுக்குக் குறிப்புகளே ஏற்றவை.

பெயரையே விடுகதையாக்குதல்

வசனமும் வேண்டாம், நடிகரும் வேண்டாம், படத்தின் பெயரை மட்டும் வைத்து விடுகதை போடுவது சிறுவர்களுக்கு மிகவும் பிடிக்கும். இதற்குப் படம் பார்த்திருக்கவும் தேவையில்லை. ஒன்று குத்தும், ஒன்று மணக்கும், இரண்டும் ஒரே செடியில். ஓட்டுப் போட இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அமாவாசை போன மூன்றாம் நாள் மேற்கே பார். தலையில் இருப்பது விழுந்தால் இவனுக்குப் பிழைப்பில்லை. முதல் இரண்டின் விடைகளும் மேலே வந்துவிட்டன, மூன்றாவது, பாலு மகேந்திரா 1982இல் இயக்கிய 'மூன்றாம் பிறை', நான்காவது 'கரகாட்டக்காரன்'.

விடிகாலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், மலைக்குப் போய், இரண்டு நேரம் கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து சமைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் படுக்கும் ஒருத்தியிடம் போய்க் கேட்டால் என்ன சொல்வாள் என்று ஒருமுறை ஒரு தங்கச்சி போட்ட விடுகதைக்கு ஆண்கள் அணி ஐந்து நிமிடம் முழித்தது. பெண்கள் அணி யோசிக்கவே இல்லை: 1964ஆம் ஆண்டின் 'காதலிக்க நேரமில்லை'.

புள்ளிகளும் வழக்குகளும்

வசனம் சொன்னவுடனேயே கண்டுபிடித்தால் 5 புள்ளி. ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு புள்ளி குறையும். இது எல்லோரும் வைக்கும் கணக்குத்தான். கேட்கிறவருக்கும் புள்ளி வைத்ததுதான் எங்கள் கூட்டத்தைக் காப்பாற்றியது. கேள்வியை இரண்டாவது அல்லது மூன்றாவது குறிப்பில் எதிரணி கண்டுபிடித்தால் கேட்டவருடைய அணிக்கு 2 புள்ளி. வசனத்திலேயே பிடித்துவிட்டால் கேட்டவருக்கு ஒன்றும் இல்லை. கடைசிவரை எவருமே கண்டுபிடிக்காவிட்டால் கேட்டவருடைய அணியிலிருந்து 2 புள்ளி கழிக்கப்படும். இந்தக் கடைசி விதி வந்த நாளிலிருந்து, எவரும் பார்த்திராத படத்தின் எவருக்கும் கேட்காத வசனத்தைத் தேடிக்கொண்டு வந்து பெருமைப்படும் வழக்கம் எங்களிடம் நின்றுபோனது.

ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருப்பது தவிர்க்க முடியாத வழக்கு. 'பில்லா' 1980இலும் 2007இலும் வந்தது. 'பொல்லாதவன்' அதே இரண்டு ஆண்டுகளில் வந்தது, ஆனால் இரண்டின் கதைக்கும் தொடர்பில்லை. 'படிக்காதவன்' 1985இலும் 2009இலும். 'விக்ரம்' 1986இலும் 2022இலும். பெயரை மட்டும் சொல்லி முழுப் புள்ளி கேட்கிறவரிடம், "எது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் முழித்தால் பாதிப் புள்ளி போதும்.

ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதற்கு மணிக்கூடு தேவையில்லை. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ ஒரு கோப்பை குடித்து முடியும் நேரம் ஒரு கேள்விக்குத் தாராளம். தொலைபேசிகளை எல்லாம் வாங்கி ஒரு கொழுந்துக் கூடைக்குள் போட்டு மூடிவிடுவதும் நல்ல ஏற்பாடு. மின்சாரம் இல்லாத நாளில் சார்ஜ் மிச்சமாகும் என்று சொன்னால் எவரும் மறுக்க மாட்டார்கள்.

ரயிலிலும் தொலைபேசியிலும்

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை ரயிலில் ஒன்பது பத்து மணித்தியாலம் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இந்த விளையாட்டு வரப்பிரசாதம். அங்கே நேரம் குறிக்கச் சுரங்கங்கள் இருக்கின்றன. வண்டி சுரங்கத்துக்குள் நுழையும்போது வசனத்தைச் சொல்லிவிட வேண்டும். வெளிச்சம் வருவதற்குள் விடை சொல்ல வேண்டும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது என்பதால் கடினமான கேள்விகளை அதற்கென்று பத்திரப்படுத்திக்கொள்வோம். சுரங்கத்துக்குள் வண்டிச் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது, ஆகவே பக்கத்துப் பெட்டி வரை கேட்கும்படி கத்த வேண்டியிருக்கும். ஒருமுறை வெளிச்சம் வந்தபோது, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத முன் இருக்கைப் பெரியவர் ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரை எந்த அணியில் சேர்ப்பது என்ற வழக்கு நானுஓயா வரை போனது.

ஊரைவிட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போனவர்களோடு வாட்ஸ்அப் குழுவில் விளையாடலாம், ஆனால் அங்கே விதிகள் மாற வேண்டும். வசனத்தை எழுத்தில் போட்டால் அடுத்த நொடி தேடிப் பார்த்துவிடுவார்கள். ஆகவே வசனத்தை அப்படியே கொடுக்காமல், அதன் பொருளை உங்கள் சொந்தச் சொற்களில் மாற்றிச் செய்திக் குரலில் பதிவுசெய்து அனுப்புங்கள். "நான் எதையும் மறுமுறை கூறுவதில்லை, ஒருமுறை கூறியதையே நூறுமுறை கூறியதாகக் கொள்ளவும்" என்று அலுவலகக் கடிதத்தைப் போலச் சொன்னால் எவ்வளவு பழக்கப்பட்ட வசனமும் ஒரு நிமிடம் முகம் மறைந்து நிற்கும். விடைகளைக் குழுவில் போடாமல் கேட்டவருக்குத் தனியாக அனுப்பச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் முதலாமவர் சொன்னதையே மற்ற எல்லோரும் வழிமொழிவார்கள். கால் மணித்தியாலம் கழித்து முடிவைக் குழுவில் அறிவிக்கலாம்.

கண்டுபிடிக்கும் அணிக்குச் சில வார்த்தைகள்

வசனம் எந்தப் படத்தில் வந்தது என்று யோசிப்பதற்கு முன், யார் யாரிடம் பேசுகிறார் என்று யோசியுங்கள். 'சார்' என்று வந்தால் பேசுபவர் கீழே, கேட்பவர் மேலே. 'ஐயா' என்று வந்தால் கிராமம். 'பிரபு' என்று வந்தால் அரண்மனை. வாக்கியம் நீண்டு, அடுக்கி, எதுகை மோனையோடு ஓடினால் பெரும்பாலும் ஐம்பதுகளும் அறுபதுகளுமாக இருக்கும், 1952இல் மு. கருணாநிதி வசனம் எழுதி, சிவாஜி கணேசனுக்கு முதல் படமாக அமைந்த 'பராசக்தி' அந்த நடைக்கு ஒரு பெரிய அடையாளம். வாக்கியம் இரண்டு மூன்று சொல்லில் வெட்டி வெட்டி நின்றால் எண்பதுகளுக்குப் பின்னால் தேடுங்கள். வசனகர்த்தாக்களின் பெயர்களைத் தெரிந்து வைத்திருப்பதும் உதவும்: 'நாயகன்', 'பாட்ஷா' இரண்டுக்கும் வசனம் பாலகுமாரன் என்பதைத் தெரிந்த ஒருவர், இந்த இரண்டு படங்களுக்கும் பொதுவான ஆள் யார் என்ற கேள்வியில் எங்கள் அணிக்கு ஒரே மூச்சில் 5 புள்ளி வாங்கித் தந்தார்.

ஊர்ப் பேச்சும் நல்ல துப்பு. மதுரைப் பேச்சு, கோவைப் பேச்சு, சென்னைப் பேச்சு என்று பிரித்தறியக் காது பழகிவிட்டால் தேட வேண்டிய படங்கள் கால்வாசியாகக் குறைந்துவிடும். இலங்கைத் தமிழ் கேட்கிறது என்றால் 2000ஆம் ஆண்டின் 'தெனாலி'யை முதலில் நினைப்பீர்கள். அந்தப் படத்தில் கமல்ஹாசன் பேசுவது யாழ்ப்பாணத்து வழக்கை ஒட்டியது. நம் லயத்துப் பேச்சு அதிலிருந்து வேறானது என்பதைச் சென்னையிலிருந்து வரும் உறவினர்களுக்கு விளக்கிக்கொண்டிருப்பது மற்றொரு முடிவில்லாத விளையாட்டு.

கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்காமல் இருக்க ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். நாள், வசனம், படம், கண்டுபிடித்தவர், எத்தனையாவது குறிப்பில் என்ற ஐந்து கட்டங்கள் போதும். எங்கள் கொப்பி நாற்பது தாள் பாடசாலைக் கொப்பி. அட்டை ஈரத்தில் உப்பிவிட்டது. அதன் முதல் பக்கத்தில் முதல் வரி 'பாட்ஷா'. இரண்டாம் வரியில் "அம்மா, நான் வந்துட்டேன்" என்று எழுதி, படம் என்ற கட்டத்தில் பதினொரு படங்களின் பெயர்களை நெருக்கி எழுதி, பக்கத்தில் என் அக்கா சிவப்புப் பேனையால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள்.